ஆளுக்கு ஒரு கல்

காலையில் செய்தித்தாள் எடுக்க லொரேன் பெல்ட்டியே கதவைத் திறந்தபோது, வாசற்படியின் நட்ட நடுவில் ஒரு கல் இருந்தது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், கடலோரத்தில் கிடப்பதைப் போன்ற வழவழப்பு. ஊரில் மழை பெய்து ஒரு வாரமாவது இருக்கும். படியும் நடைபாதையும் உதிர்ந்த மேப்பிள் இலைகளும் அப்பளமாய்க் காய்ந்து கிடந்தன. கல் மட்டும் ஈரமாக இருந்தது.

"சனியன் பிடிச்ச அக்டோபர்" என்று முணுமுணுத்து, செருப்பு நுனியால் அதைச் செடிக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் சேலெமில் அக்டோபர் வந்துவிட்டால் ஊர் எங்களுடையது இல்லை. மாதக் கடைசியில் வரும் பேய்வேஷப் பண்டிகைக்காகப் பாஸ்டனிலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலும் சூனியக்காரிக் கூம்புத் தொப்பிகளைக் கக்கிவிட்டுப் போகும். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் தன் சொந்த ஜனங்களையே சூனியக்காரர்கள் என்று சொல்லித் தூக்கில் போட்டது. அந்த வெட்கங்கெட்ட காரியத்தை இன்றைக்குப் பனியனில் அச்சடித்து விற்றுப் பிழைக்கிறோம். பால் வாங்கப் போனால் எலும்புக்கூடுகளுக்குப் பின்னால் நிற்கவேண்டும். ஜன்னல் திரையை விலக்கினால் முன்பின் தெரியாத நாலு பேர் மூக்கைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்ப்பார்கள். தெருவில் யாராவது உயிர் போவதுபோல் அலறினால் நாங்கள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அலறுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு நிற்கிறார்கள்.

லொரேனுக்கு இந்த வருஷம் ஊர்மேல் எரிந்துவிழக்கூட நேரமில்லை. புருஷன் நார்மன்ட் வாலிப வயதிலிருந்து தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவன். அந்தப் புகையும் தூளும் இப்போது நுரையீரலில் கூலி கேட்கின்றன. மாடி ஏற முடியாததால் கட்டிலைத் தெருப்பக்க அறைக்கே இறக்கிவிட்டாள். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் உர்ரென்று முனகிக்கொண்டிருக்கும். அவள் வேண்டுவது ஒன்றுதான். அவன் மூச்சு நிற்கக்கூடாது. வேறு எது எப்படிப் போனாலும் போகட்டும்.

"யாரு வாசல்ல?" என்றான் நார்மன்ட்.

"யாரும் இல்ல. எவனோ ஒரு கல்லை வெச்சுட்டுப் போயிருக்கான்."

"கேக் வெச்சா உள்ள கொண்டா. கல்லுன்னா எனக்கு வேணாம்." சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும் நெஞ்சைத் தடவிக்கொண்டான். "ராத்திரியிலேருந்து இங்க ஒரு பூனை ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு, லோரி. குட்டிப் பூனைதான். பெருசா ஒண்ணும் இல்ல."

"அப்ப அதுக்கும் சேர்த்துப் பால் ஊத்தறேன், இரு" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

பட்டாணி சூப்பை அடுப்பில் வைத்து உப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது, மரப்படியில் யாரோ ஒரு பாத்திரத்தைப் பதமாக இறக்கி வைப்பதைப் போல. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஆப்பிள் சாறு கொதிக்கும் வாசனையும் எண்ணெயில் பொரித்த மாவின் வாசனையும் வழக்கம்போல் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, அலை வற்றிய கடல்சேற்றின் குளிர்ந்த வாடை, கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக நுழைந்து அவள் கணுக்காலைத் தொட்டது. முன்னறையில் நார்மன்ட் மூச்சை இழுக்கும் ஓசை மாறியிருந்தது. ஒவ்வொரு டொக்குக்கும் அது ஒரு படி கீழே இறங்கியது.

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். படியில் ஒரு குவியலே இருந்தது. எல்லாம் ஈரம்.

எதிர் நடைபாதையில் கறுப்பு அங்கி போட்ட வழிகாட்டிப் பையன் ஒருவன், கழுத்தில் லாந்தர் தொங்க, ஒரு கூட்டத்தை நிறுத்திவைத்துத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தான்.

"இங்கதாங்க நடந்தது! எண்பது வயசுக் கிழவரு. கோர்ட்டுல வாயைத் திறக்கமாட்டேன்னுட்டாரு. என்ன பண்ணாங்க? மல்லாக்கப் படுக்கவெச்சு, மேல ஒரு பலகையைப் போட்டு, ஒவ்வொரு கல்லா ஏத்தினாங்க. யாரு ஏத்தினது? வெளியூர்க்காரனா? அட, இல்லீங்க! அக்கம்பக்கத்து ஆளுங்கதான்!"

கூட்டம் 'அடப்பாவமே' என்று ரசித்தது.

லொரேனுக்குச் சுர்ரென்று ஏறியது. "டேய் தம்பி! வாய்க்கு வந்ததை அடிச்சு விடாத. அந்தத் திடல் கல்லறைப் பக்கம். இந்த ஊர்லயே பொறந்தவ நான், எனக்குத் தெரியாதா? இது வீடு. உள்ள ஒரு மனுஷன் மூச்சு விட முடியாம படுத்திருக்கான். போங்க எல்லாரும்!"

கூட்டம் கைதட்டியது.

"அம்மாடி, என்னமா நடிக்கறாங்க!" என்றாள் ஆரஞ்சுக் கழுத்துத்துணி கட்டிய ஒருத்தி. "உள்ள ஒருத்தர் படுத்திருக்காராமே! அதையும் காட்டுவாங்களா?"

பையன் தெருவைக் கடந்து அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். பூசிய சாம்பல் பவுடருக்கு அடியில் அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மேடம். கதையை நான் கொஞ்சம் நகர்த்திச் சொன்னது உண்மை. தப்புதான். ஆனா சத்தியமா கல் வைக்கச் சொன்னது நான் இல்ல. அவங்களா வைக்கறாங்க. எங்கேருந்து எடுக்கறாங்கன்னும் தெரியல. இந்தத் தெரு பூரா தேடிட்டேன், ஒரு கல்லு கிடையாது."

"அப்ப கூட்டத்தைக் கூட்டிட்டுப் போயேன்!"

அவன் திரும்பிப் பார்த்தான். "இவங்க என் கூட வந்தவங்க இல்ல மேடம். என் ஆளுங்க அப்பவே போயிட்டாங்க." சொல்லிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போயேவிட்டான்.

துணிக் கூடையை எடுத்துவந்து லொரேன் கற்களை வாரிப்போட்டாள். விரல் விறைக்கும் குளிர்ச்சி. கூடையை இடுப்பில் வைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து பார்த்தால், நார்மன்ட் நிமிர்ந்து உட்கார்ந்து சூப் கேட்டான். உதட்டில் நிறம் வந்திருந்தது.

"பூனை இறங்கிப் போச்சு" என்றான்.

அவள் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். அவள் காது வாசலில் இருந்தது. டொக். நார்மன்ட் கிண்ணத்தைக் கீழே வைத்தான். டொக். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

கடவுளே, இது என்ன?

மத்தியானம் முழுக்க அவள் கூடையும் கையுமாக ஓடினாள். வாசலைத் துடைத்தெடுப்பாள், கொல்லையில் கொட்டுவாள், திரும்பி வருவதற்குள் இன்னும் அதிகம் சேர்ந்திருக்கும். கல்லை வைக்கிறவர்களைத் தடுத்துப் பார்த்தாள். அவர்கள் சண்டைக்கு வரவில்லை, அதுதான் பயங்கரம்; கோயிலில் மெழுகுவத்தி வைப்பவர்களைப் போல் பயபக்தியோடு குனிந்து, வைத்துவிட்டு, அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்யா வைக்கற? எதுக்கு வைக்கற?"

"எல்லாரும் வைக்கறாங்களே" என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வதைப் போல.

வெயில் சாய்ந்து, எதிர்வீட்டுப் புகைக்கூண்டின் நிழல் படியேறி வந்தபோது நார்மன்டின் நகங்கள் நீலமாகிவிட்டன. அவள் அவசர உதவிக்கு ஃபோன் செய்தாள்.

"அவருக்கு மூச்சு வரல. வாசல்ல கல்லு வெக்கறாங்க, வெக்க வெக்க மூச்சு நிக்குது, சீக்கிரம் வாங்க!"

மறுமுனையில் இருந்தவள் கேட்டாள்: "பின்னாடி கூட்டத்துச் சத்தம் கேக்குதே. ஏதாவது நிகழ்ச்சி நடக்குதா மேடம்?"

"நிகழ்ச்சியும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல! என் புருஷன் சாகப் போறான்!"

"சரி, அனுப்பறேன். ரோடெல்லாம் அடைச்சிருக்கு. நடந்துதான் வரணும். வழி விடச் சொல்லுங்க."

லொரேன் வாசலுக்கு வந்தாள். தெரு நிறைய ஆட்கள். முன்பு பேச்சும் சிரிப்பும் இருந்தன. இப்போது செருப்பு உரசும் ஒலி மட்டும். வரிசை திருப்பம் வரைக்கும் போய் அதற்கப்பாலும் போனது. எல்லார் கையிலும் ஒன்று. அடிவயிற்றிலிருந்து அவள் கத்தினாள்.

"காப்பாத்துங்க! யாராவது வாங்க! காப்பாத்துங்க!"

நாலு வீடு தள்ளி, சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கமான விவியன் ஜன்னலில் தெரிந்தாள். லொரேன் அவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டி அலறினாள். விவியன் சலிப்போடு தலையை ஆட்டிவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். அக்டோபர்தானே. நானாக இருந்தாலும் மூடியிருப்பேன்.

வரிசையில் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். "பயப்படாத கண்ணு, சும்மா நடிப்பு" என்றாள் அவள் அம்மா. சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கல்லை வைத்தாள்.

லொரேன் உள்ளே பாய்ந்து கதவைத் தாழிட்டாள். சங்கிலியும் மாட்டினாள். நாற்காலியை முட்டுக்கொடுத்தாள்.

சத்தம் நின்றது.

நின்றேவிட்டது. மெஷின் மட்டும் உர்ரென்றது. அவள் கதவில் முதுகைச் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போய்விட்டார்கள். போய்த் தொலைந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

"லோரி."

குரல் இல்லை அது. காற்று.

அவள் முன்னறைக்குள் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நார்மன்ட் மல்லாந்து கிடந்தான். மேலே பூப்போட்ட கம்பளி. அந்தக் கம்பளி அவன் நெஞ்சில் தட்டையாக இருந்தது. மடிப்பு இல்லை. மேடு இல்லை. நாலு மூலையும் கூராக, ஓரம் நேர்கோடாக, தோளிலிருந்து தொடை வரை எதுவோ அதை அழுத்தியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத எதுவோ. அவள் கையை வைத்தாள். மரம். குளிர்ந்த, ஊறிய மரம். விரல் நுனியில் அதன் ரேகைகள்.

தூக்கினாள். அசையவில்லை.

சமையலறையில் காலடி.

கொல்லைக் கதவு. கூடையோடு ஓடி ஓடித் திறந்தே போட்டிருந்த கதவு.

அவர்கள் உள்ளே வந்தார்கள். மெதுவாக. இடித்துக்கொள்ளாமல். ஒருவர் சூப் தீய்ந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். மரியாதையான மனிதர்கள். "மன்னிக்கணும்" என்றார் முதலில் வந்தவர். குனிந்தார். வைத்தார். கல் கம்பளியைத் தொடாமல் அரை விரற்கடை மேலே நின்றது.

நார்மன்டின் வாய் திறந்தது.

"வேணாம்!" அவள் அதை எடுத்தாள். அடுத்தவர் வைத்தார். எடுத்தாள். வைத்தார்கள். கொல்லையில் அவளே கொட்டிய கற்கள். இரண்டு கையாலும் எடுத்தாள். தரையில் போட்டாள், மேஜையில் போட்டாள், ஜன்னல் விளிம்பில் போட்டாள். போட்டதை எடுத்து மறுபடி வைத்தார்கள். வரிசை நகர்ந்தது. வாசல்நிலைக்கு அப்பால் நீலச் சட்டைகள் தெரிந்தன. ஆம்புலன்ஸ் ஆட்கள்! இரண்டு பேர்!

"இங்க! இங்க வாங்க! இங்கதான்!"

அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்னால் நிற்பவர்களைத் தாண்டி வரவில்லை. தங்கள் முறைக்காக நின்றார்கள். மருந்துப்பெட்டி எதுவும் இல்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தது வேறு.

அவள் திரும்பினாள். எடுத்தாள். இன்னும் எடுத்தாள். நெஞ்சின் நடுவில் இருந்த பெரிய கல்லை, எங்கிருந்து வந்த பலமோ, தம் பிடித்துத் தூக்கினாள். நார்மன்ட் ஒரு மூச்சு இழுத்தான். ஒரே ஒரு மூச்சு. அவன் கண்கள் அவளைப் பார்த்தன.

"பிடிச்சுட்டேன், நார்ம். நான் பிடிச்சுட்டேன்."

கீழே வைக்க இடம் தேடினாள். தரையெங்கும் கால்கள். மேஜை நிறைந்திருந்தது. நாற்காலியும் ஜன்னலும் நிறைந்திருந்தன. சுற்றிலும் உடம்புகள், நகரவே இடமில்லாமல். தோள் நடுங்கியது. விரல்கள் மரத்துவிட்டன. வீட்டில் காலியாக இருந்தது ஓரிடம்தான்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"அவசரம் இல்லம்மா" என்றார் பின்னால் நின்றவர் கனிவாக. "மெதுவா வைங்க. நாங்க காத்திருக்கோம்."

யாரோ ஃபோனை உயர்த்திப் பிடித்தார்கள். அதன் சின்னத் திரையில் பூப்போட்ட கம்பளி தெரிந்தது. ஓர் ஆணின் திறந்த வாய் தெரிந்தது. அவற்றுக்கு மேலே, கல்லைத் தாங்கிய இரண்டு கைகள், கல்யாண மோதிரம் மின்ன, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.