தடி யார் கையில்

கைகாட்டி இன்றைக்கும் இறங்கவில்லை.

டெஸ்மண்ட் பர்கிஸ் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். மேசைக்கு அடியில் மோட்டார் முனகியது, கம்பி இழுபட்டது, ஆனால் விரல் உயரக் கம்பத்தின் உச்சியில் அந்தச் சிவப்புக் கை மட்டும் நேராக நீட்டியபடியே நின்றது. நில், வராதே என்று அர்த்தம்; இறங்கினால்தான் ரயில் வரலாம். மோட்டாரை மாற்றிப் பார்த்தாயிற்று. கம்பத்தையே பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தும் ஆயிற்று. உள்ளங்கையில் வைத்துத் தட்டினால் சமர்த்தாக இறங்குகிற கை, மேசைமேல் இருந்த மாதிரி செட்ஜ்பி ஸ்டேஷன் ஓரத்தில் நட்டதும் அடம் பிடித்தது.

"சனியனே," என்று அவர் அதனிடமே சொன்னார்.

சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி. போன வருடம் ரயில் கிளப்பு ஆட்கள் எல்லார் முன்னாலும், அவர் செய்த பால் கேன்களின் கழுத்து தப்பு என்று சொல்லிச் சிரித்தார்கள். இந்த முறை யாரும் வாய் திறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்றிருந்தார். அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. கண் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வலது கண் ஏறக்குறைய போய்விட்டது, இடது கண்ணும் பின்னாலேயே போகும். இதுதான் அவர் செய்யும் கடைசி மாதிரி ரயில் மேசை.

மார்ல்ஹாமிலிருந்து செட்ஜ்பி வரை ஓடிய அந்தக் குட்டி ரயில்பாதையை அவரைத் தவிர யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பெட்டி, பால், கிழங்கு, சந்தைக்குப் போகும் பெண்கள். அவர் பிறந்த வருடம் அதை மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றுவிட்டார்கள். முட்செடிக்குள் புகுந்து பாலத்தின் செங்கல்லை அளந்திருக்கிறார், பழைய படங்களுக்காக முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டியிருக்கிறார். கடைசியில் அந்தப் பாதை ஓடிய மண்ணின் மேலேயே கட்டிய இந்த வீட்டையும் வாங்கினார். ரயில் போன கோடு வரவேற்பறையின் நடுவில் வருகிறது.

"எல்லாரும் கடலப் பாத்து வீடு வாங்குறாங்க," என்பாள் அவர் மனைவி நோர்மா. "என் புருஷன் என்னைத் தண்டவாளத்துல கொண்டுவந்து படுக்க வச்சிருக்கான்."

மதியம் கிளப்பு நண்பர் ரெஜ் டாட்மன் தோட்டத்துக் கொட்டகைக்கு வந்தார். பால் கேனைப் பற்றி முதலில் சிரித்தவர் அவர்தான். டீயை உறிஞ்சிக்கொண்டு கைகாட்டியைப் பார்த்தார், பிறகு சுவரில் மாட்டியிருந்த தடியைப் பார்த்தார். முழங்கை நீளம், கறுத்த மரம், ஊர்ப்பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

"இது அசல் தடியா? எங்கப்பா புடிச்ச?"

"டிரைவர் ஆல்பர்ட் காவோட மக ஐவி குடுத்தாங்க. கடைசி ரயில் ஓட்டினவர் அவர்தான். ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு கோட்டுக்குள்ள ஒளிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாராம்."

ரெஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "அட முட்டாளே, அப்புறம் கை எப்படி இறங்கும்? ஒத்தைத் தடம், ஒரே தடி. தடி யார் கையில இருக்கோ அவனுக்குத்தான் லைனு. போய்ச் சேந்து சிக்னல்மேன் கையில குடுத்தாத்தான் அடுத்த ரயிலுக்கு வழி. காவ் குடுக்கவே இல்லையே! சட்டப்படி பாத்தா லைன் இன்னும் அடைஞ்சு கெடக்கு. நீ ரொம்பச் சரியா செஞ்சிருக்கப்பா, வாழ்த்துக்கள்."

"கிண்டல் பண்ணாம மோட்டாரப் பாக்குறியா?"

ரெஜ் பார்த்தார். மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை. பிஸ்கட்டை மட்டும் தின்று தீர்த்துவிட்டுப் போனார்.

டெஸ்மண்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஐவி காவ் தடியைக் கொடுத்த அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. முதியோர் இல்லத்துக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்தம்மா, "அப்பா சாகுற வரைக்கும் இதக் கட்டிலுக்கடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்குவாரு. யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க," என்றாள். யார் கேட்கப் போகிறார்கள் என்று இவர் சிரித்தபோது, அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

கடைசி நாள் படம் ஒன்றும் கொடுத்திருந்தாள். கூட்டம் தொப்பியை ஆட்டிச் சிரிக்கிறது. சிக்னல்மேன் வால்டர் ஸ்னெல் மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினை நோக்கி உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ஆளை டெஸ்மண்ட் அப்படியே சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செய்து, தண்டவாளத்தைப் பார்த்தாற்போல் பிளாட்பாரத்தில் ஒட்டியிருந்தார்.

இப்போது பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தவர் அப்படியே நின்றார். பொம்மை திரும்பியிருந்தது. நீட்டிய கை, தடி தொங்கும் சுவரைக் காட்டியது.

பசை மட்டமான பசை. வேறென்ன.

நவம்பர் மாதத்து வெளிச்சம் டீ ஆறுவதற்குள் செத்துவிடும். கொட்டகை ஜன்னலில் பனிமூட்டம் வந்து ஒட்டிக்கொண்டது, தோட்டமும் வேலியும் மறைந்தன, அடுப்பில் நோர்மா வைத்திருந்த இறைச்சியின் வாசனையோடு இன்னொரு வாசனையும் கதவிடுக்கில் மெல்ல நுழைந்தது: நிலக்கரிப் புகை, சூடான எண்ணெய், ஈரக் கம்பளி. இந்தத் தெருவில் நிலக்கரி எரிப்பவர் எவரும் இல்லை. பிறகு வெளியே சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது, கனமான பூட்ஸ் போட்ட ஒருவர் அவசரமில்லாமல் நடந்து வருவதுபோல. கொட்டகையைச் சுற்றி இருப்பது வெறும் புல்தரை.

ஜன்னலுக்கு வெளியே சிவப்பாக ஒரு கைவிளக்கு வந்து நின்றது.

கண்ணாடியில் தட்டல்.

"தடி," என்றது ஒரு குரல். களைத்த, கட்டிப்போன குரல்.

ரெஜ்தான். வேறு யார்? எங்கேயாவது பழைய ரயில்வே கோட்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருப்பான். டெஸ்மண்ட் ஜன்னலைப் படாரென்று திறந்தார். "போதும்ப்பா ரெஜ், எனக்கிருக்கிற கடுப்புல..."

மூட்டத்துக்குள்ளிருந்து கறுப்புக் கோட்டு போட்ட ஒரு கை நீண்டது. பித்தளைப் பொத்தான். விரித்த உள்ளங்கை. ரேகைகளில் கரி. அதற்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி மட்டும்.

"வீட்டுக்குப் போகணும்," என்றது குரல். "தடியக் குடு."

ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். அவருக்கும் அது தெரிந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது மேசையில் கைகாட்டியின் அந்தச் சிவப்புக் கை அப்படியே விறைத்து நின்றது. சனிக்கிழமையும், ரெஜ்ஜின் சிரிப்பும், போய்க்கொண்டிருக்கும் கண்ணும், வாரக்கணக்காகச் சேர்ந்த ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. சுவரிலிருந்து தடியைப் பிடுங்கினார்.

"இந்தா! எடுத்துத் தொலை!"

விரல்கள் மூடிக்கொண்டன. நெடுநாள் பாரத்தை இறக்கி வைத்தவன் விடுவதைப் போல ஒரு பெருமூச்சு. விளக்கு பச்சையாயிற்று. பூட்ஸ் சத்தம் விலகிப் போனது.

முதுகுக்குப் பின்னால், டக்.

கைகாட்டி இறங்கியிருந்தது. அழகாக, நேர்த்தியாக. டெஸ்மண்ட் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வந்தது. பிளாட்பாரத்தில் அந்தக் குட்டி ஆள் இல்லை. பசை இருந்த இடம் மட்டும் பளபளத்தது.

பிறகு ஒரு மணி அடித்தது. மேசையில் மணி கிடையாது. அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். வாரத்தில் நாலு பேருக்காவது அதை விளக்கிச் சொல்லியிருக்கிறார்.

ரயில் தடத்தில் ஏறிவிட்டது.

"டெஸ்!" வீட்டுக்குள்ளிருந்து நோர்மாவின் குரல். "அலமாரியில தட்டெல்லாம் ஆடுதுப்பா! என்னன்னு வந்து பாரேன்!"

தடி தன்னிடம் இருந்தவரை லைன் தன்னுடையது. எதுவும் வர முடியாது. காவ் அதனால்தான். கட்டிலுக்கடியில். சாகும்வரை.

"நோர்மா! வெளிய வா! வெளிய ஓடி வா!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். காலில் புல் படவில்லை. சரளை. கட்டை. சரளை. கட்டை. முழங்கால் இரும்பில் மோதியது. விழுந்தார். உள்ளங்கைக்கு அடியில் தண்டவாளம் சூடாக அதிர்ந்தது. இரண்டு கோடுகளும் பளபளத்து, நேராக, வீட்டின் சுவருக்குள் போய் மறைந்தன.

வரவேற்பறையில் விளக்கு எரிந்தது. நோர்மா அடுப்புக் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலருகே வந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டி அவரைத் தேடினாள். பார்த்துவிட்டாள். உள்ளே வந்து பார் என்று கையசைத்தாள். அவளுக்குப் பின்னால், பூப்போட்ட சுவர்க் காகிதத்தின் நடுவில், வெள்ளையாக ஒரு வட்ட வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.