கொடி நிற்கும் வரை

பெருந்துறையில், கல்லூரிச் சாலையில் இருந்த அந்த உணவகத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு. எல்லாக் கிளைகளிலும் ஒரே மஞ்சள் விளக்கு. மேசை நடுவே கரியடுப்பு. பக்கத்தில் ஒரு குட்டிக் கொடி. கொடி நிமிர்ந்திருக்கும் வரை, கம்பியில் கோத்த கறி வந்துகொண்டே இருக்கும். போதுமென்றால் படுக்க வைக்க வேண்டும்.

டிக் என்று மடங்கும், டிக் என்று நிமிரும்.

மதியம் மூன்று மணி. மழை. லோகப்பிரியாவுக்கு எதிரே, அவளுடைய விடுதி அறைத்தோழி மௌனிகாவின் பெற்றோர், வேலுமணியும் பாவாத்தாளும் உட்கார்ந்தார்கள். மகளின் பெட்டியை விடுதியிலிருந்து எடுத்துப்போகப் பல்லடத்திலிருந்து வந்தவர்கள். மௌனிகா இறந்து முப்பத்தெட்டு நாள்.

"போன்ல எப்பப் பாரு இந்தக் கடைப் பேச்சுத்தான்" என்றாள் பாவாத்தாள். "ஒருக்கா உங்களையும் கூட்டீட்டுப் போறேம்மான்னா."

லோகப்பிரியாவின் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கு முன் ஒரு தட்டு வைத்தாள். இரண்டு கம்பி இறாலை உருவிப் போட்டாள். தண்ணீரைக் கையில் ஊற்றித் தட்டைச் சுற்றினாள். யாரும் குறுக்கே வராதிருக்கக் கொடியைப் படுக்க வைத்தாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. பாத்துட்டே இருந்தா அவ வந்து உண்ணமாட்டா."

"ஓட்டல்ல வந்து படையலு" என்று முணுமுணுத்தார் வேலுமணி. ஆனாலும் திரும்பிக்கொண்டார்.

மூவரும் சன்னலைப் பார்த்தார்கள்.

"அம்மணி, ஒன்னு கேக்கோணும்" என்றார் அவர். "அவளுக்குச் சைக்கிளே சரியா ஓட்ட வராது. அன்னைக்கு ஸ்கூட்டர அவதான் ஓட்டுனாளா? புள்ளைய அடக்கி வளக்கல, தானாப் போயி லாரில உட்டுட்டான்னு ஊர்ல பேசறாங்க."

லோகப்பிரியாவின் முழங்கைத் தையல் அரித்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது இவள். பின்னால் இருந்த மௌனிகா இரண்டு தடவை சொன்னாள், மெதுவாப் போடி என்று. போலீசிடம் இவள் மாற்றிச் சொல்லியிருந்தாள்.

"அவதானுங்கப்பா ஓட்டுனா."

டிக்.

திரும்பினார்கள். கொடி நிமிர்ந்து நின்றது.

இறால் அப்படியே இருந்தது.

"பசி தீரலையாட்ட இருக்குது" என்றாள் பாவாத்தாள். அவள் முகத்தில் சந்தோஷம்.

பரிமாறும் சாஜித் ஓடிவந்து கம்பிகளை வைத்தார். "ஸ்பிரிங்கு லூசுங்கம்மா. அதுக்கே பசிக்குதாட்ட." சிரித்தபடி கொடியை மடக்கிவிட்டுப் போனார்.

மீண்டும் சன்னல். இப்போது கரிப் புகையில் வேறொரு வாடை. தீய்ந்த ரப்பர்.

"கடைசியா என்ன கண்ணு சொன்னா?" பாவாத்தாள் கேட்டாள்.

லோகப்பிரியா சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவாப் போடின்னு நான் ரெண்டு தடவ சொன்னேனுங்கம்மா. அவ கேக்கல."

பக்கத்து நாற்காலி தரையில் உரசியது.

ஈரமான ஏதோ ஒன்று முழங்கைத் தையலைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொரு முடிச்சாக.

டிக்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பாவாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் பொழச்சியே. இனி நீதான் எங்க புள்ள."

லோகப்பிரியா வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பல்லடம் பஸ் வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேலுமணி உட்கார்ந்தார். "எங்க மேலதான் தப்பு" என்றார், யாரையும் பார்க்காமல். "ஸ்கூட்டர்ப் பக்கமே போகாதன்னு கண்டிச்சிருக்கோணும்." பஸ் போய்விட்டது.

விடுதி அறையில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மௌனிகாவின் கட்டில் மெத்தையில்லாமல் வெறும் பலகையாகக் கிடந்தது.

பலகை நடுவே குட்டிக் கொடி நின்றது.

அவள் அதை எடுத்து வரவில்லை.

வெகுநேரம் கழித்துக் கிட்டே போனாள். ஒரு விரலால் படுக்க வைத்தாள். பாவாத்தாள் சொன்னபடியே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓட்டுனது நான்தான்டி" என்றாள் மெதுவாக. "நீ ரெண்டு தடவ சொன்ன. எனக்குத் தெரியும். போதுமாடி?"

அறையில் சத்தமே இல்லை.

வெளியே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. இந்நேரம் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

முதுகுக்குப் பின்னால், டிக்.