மூட்டையைத் திரும்பக் கட்டியபோது

பக்கத்து வீட்டுப் பிலிப்பு அண்ணையின் நாய் குரைத்து முடிக்கவில்லை. நாய் என்றால் குரைத்து, உறுமி, கடைசியில் தனக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் ஓயும். இது குரைப்பின் நடுவில் அறுந்தது. ஜெரிசன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். நாயின் தொண்டைக்குத் தான் பொறுப்பில்லை என்று தீர்மானித்து மறுபடி குனிந்தான்.

குருநகர் வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு அவன் பொறுப்பெடுத்திருந்தது ஒரு கொம்பைலருக்கு. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தருவது அது. உலகத்தில் யாரும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். சம்பளம் மட்டும் கேட்கக்கூடாது. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் சின்னச் சின்னத் திருத்தங்களை ஒரு மூட்டையாகக் கட்டிச் சோதனைக்கு விடுவது அவன் வேலை. பச்சை விழுந்தால் மூட்டை முழுவதும் கொம்பைலரோடு சேரும். சிவப்பு விழுந்தால் உள்ளே ஒன்று பழுது. பாதியை ஒதுக்கி மிச்சத்தைச் சோதிக்கவேண்டும், பிறகு அதிலும் பாதி. பெட்டிக்குள் நாறுகிற மீனைத் தேடுகிற மாதிரி. இந்தப் பிரிப்பும் சலித்துப்போய், சிவப்பு விழுந்தால் கணினியே பிரித்துக்கொள்ளும்படி போன கிழமைதான் எழுதி வைத்திருந்தான். தன் சோம்பலுக்கு அவன் வைத்திருந்த பெயர் திறமை.

இன்று சிவப்பு விழுந்தது. முதல் பாதி ஒதுங்கிய கணத்தில்தான் நாயின் குரைப்பு அறுந்தது.

"தம்பி, புட்டு அவிஞ்சிட்டுது," என்றாள் குசினிக்குள்ளிருந்து அம்மா செபஸ்தியம்மா. "உந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஆராவது உனக்கு ஒரு நேரம் சாப்பாடு தந்தவையோ?"

"இல்லையணை. இந்தா வாறன்."

"உப்பிடித்தான் கொப்பரும் சொல்லிப்போட்டுப் போனவர்."

அப்பா கடலிலிருந்து திரும்பாமல் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். அம்மா அதைப் பகிடியாகச் சொல்லப் பழகியிருந்தாள். அவன் சிரிக்கப் பழகவில்லை.

பொழுது கருகிக்கொண்டிருந்தது, கரைக்கு வரும் வள்ளங்களின் இரைச்சலும், கோயில் ஒலிபெருக்கியின் செபமாலையும், பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ ஒழுங்கைக்கு ஒழுங்கை கொண்டு திரியும் அந்த ஒரே மெட்டும், மதில் காகங்களும், தலைக்கு மேல் கறகறக்கும் விசிறியும், சம்பலுக்கு அம்மா தேங்காய் திருவும் சரக் சரக்கும், காயப்போட்ட கருவாட்டு மணத்தோடு ஒன்றாய்ப் பிசைந்து, அந்த ஊரில் பிறந்த ஒருவனின் காதில் விழாத விதமாக வந்துகொண்டிருந்தன.

மறுபடி சிவப்பு. கணினி பாதியை ஒதுக்கியது.

வள்ளங்கள் நின்றன. செபமாலை ஒரு சொல்லின் நடுவில் நின்றது. காகங்கள் இல்லை.

இதுவரை காதில் விழாததெல்லாம், இல்லாமல் போனபிறகுதான் காதில் உறைத்தது.

யன்னலால் எட்டிப் பார்த்தான். பிலிப்பு அண்ணையின் முற்றத்தில் நாய்ச் சங்கிலி, யாரோ மறுமுனையைப் பிடித்து இழுப்பதுபோல் விறைத்து, நிலத்துக்கு ஒரு முழம் மேலே நின்றது. மறுமுனையில் நாய் இல்லை.

சிவப்பு.

பாண் ஓட்டோவின் மெட்டு அறுந்தது. கருவாட்டு மணமும் போனது. மூக்குக்குள் ஒன்றுமே இல்லை.

நிறுத்து விசையை அமத்தினான். நிற்கவில்லை. நிற்கச் சொல்லும் வழியை எழுதுவதை அடுத்த கிழமைக்கு விட்டிருந்தான்.

சிவப்பு. விசிறி போனது. சுழல்வதும் போனது, தொங்கிய கம்பியும் போனது.

சரக். சரக். அது மட்டும்.

திரையில் ஒரே ஒரு திருத்தம் மிச்சம். அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. பழுது அதுதான். இனி அதையும் ஒதுக்கும்.

எழும்பிக் குசினிக்கு ஓடியிருக்கலாம். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டான்.

"அம்மா."

"என்ன ராச—"

சிவப்பு.

சரக் இல்லை.

சோதிக்காமல் சேர்க்க ஒரு கட்டளை உண்டு. பொறுப்பாளர்களுக்கு மட்டும். ஒதுக்கியதையெல்லாம் வாரினான். பழுதானதையும். பெயரில்லாததையும். அம்மா வந்தால் போதும். கட்டினான். சேர்த்தான்.

பச்சை.

எல்லாம் திரும்பின. வள்ளம், செபமாலை, காகம், பாண் ஓட்டோ, அறுந்த குரைப்பின் மற்றப் பாதி. ஆனால் கரையிலிருந்து அல்ல. ஒழுங்கையிலிருந்தும் அல்ல.

குசினியிலிருந்து.

குசினி வாசலில் தொங்கிய சீலை விலகியது. அம்மா நின்றாள். கையில் பாதித் தேங்காய். சாப்பிடக் கூப்பிடும்போது திறப்பதுபோலவே வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. அந்த வாய்க்குள் பாண் ஓட்டோ திரும்பியது. நாய் குரைத்தது. வள்ளமொன்று இயந்திரத்தை நிறுத்திக் கரையைத் தட்டியது.

அதிலிருந்து யாரோ இறங்கினார்கள்.

"இந்தா வாறன்," என்றது ஒரு ஆண் குரல்.

அம்மாவின் வாயோரமாக உப்புத் தண்ணீர் வழியத் தொடங்கியது.