நாள் கிழமைக்கு ஆகும்

தெய்வானை சந்தைக்குப் போகிற வழியில் இடது முழங்காலை மாற்றிக்கொண்டு, கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு, அடுப்பில் வைத்த பருப்பு வேகுமுன் வீடு திரும்பினாள். செங்கரையில் இதெல்லாம் ஒரு சேதியே அல்ல. செவ்வாய்க் கோளின் அந்தக் குவிமாட ஊரில் நாற்பது தாண்டியவர்களில் பிறந்தபோதிருந்த முழங்காலோடு நடமாடுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடைத்தெருவில் பூக்கடைக்கும் தேநீர்க்கடைக்கும் நடுவே மூட்டு அச்சகம் இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்தால் எந்திரம் அளவெடுத்து, அச்சிட்டு, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திவிடும். தழும்புகூட இருக்காது.

அப்படித் தேடிப் பிடிக்க வேண்டியவர் அவள் வீட்டுக்குள்ளேயே நொண்டிக்கொண்டிருந்தார். அவள் கணவர் நாச்சிமுத்து, ஊரின் தண்ணீர் ஆலையில் குழாய்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்.

"ஏனுங்க, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. நீங்களும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்னவாம்?" என்றாள் தெய்வானை, புதுக்காலை ஆட்டிக் காட்டியபடி.

நாச்சிமுத்து வலது முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பதில் அவளுக்கே தெரியும்.

செவ்வாயில் மழையும் இல்லை, அறுவடையும் இல்லை. ஆனாலும் பூமிக் கணக்கில் தை பிறந்தால் செங்கரைக்கும் மேற்குக் குவிமாடத்துக்கும் பொங்கல் கைப்பந்துப் போட்டி உண்டு. அதில் பிறவி மூட்டுக்காரர்கள் மட்டும்தான் ஆடலாம். மாற்று மூட்டுக்காரர்கள் எழும்பினால் தலை போய்க் கூரையில் இடிக்கிறது. ஒரு தடவை கூரைச் சில்லு விரிசல் விட்டு ஊரே மூச்சுக் கவசத்தைத் தேடி ஓடிய பிறகு வந்த விதி அது. அணியில் மற்ற ஐந்து பேரும் மீசை முளைத்துச் சில வருஷங்களே ஆன பையன்கள். வலையோரத்து ஆறாவது இடம் நாச்சிமுத்துவுடையது. முழங்காலை மாற்றினால் அந்த இடம் போய்விடும்.

அந்த இடம் போனால் அவரிடம் வேறென்ன இருக்கிறது? நல்ல மனுஷன்தான், ஆனால் ஊரில் எவரும் அவரைத் திரும்பிப் பார்த்தது வலையோரம் எழும்பும்போது மட்டும்தான். செவ்வாயின் இழுவை குறைவு என்பதால் ஆள் மேலே போய், ஒரு கணம் காற்றில் தங்கி, பந்து வரக் காத்திருந்து அடிக்கலாம். அந்த ஒரு கணத்துக்காகவே அவர் உயிரை வைத்திருந்தார். மேலே போவதுதான் அங்கே சுலபம். போன வேகத்திலேயே இறங்கியாக வேண்டும். போன பொங்கலில் அப்படி இறங்கியபோது வலது முட்டி திருகிக்கொண்டது. அதற்கப்புறம் படியேறினால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி.

அச்சகத்துக்குப் போக மனமில்லாமல் அவர் போய் நின்றது ஊர் மன்றத்தின் பின்னறையில். அங்கே கைகால் வைத்த ஒரு இயக்கப்பொறியன் மூலையில் நின்றுகொண்டிருந்தது. ஆதியில் சுரங்கக்காரர்களின் இடுப்புப் பிடிப்பைச் சரிசெய்யப் பூமியிலிருந்து வந்த எந்திரம். ஊர் அதற்கு டிரில் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தது. மூட்டு அச்சகம் வந்த பிறகு அதைச் சீந்துவாரில்லை.

டிரில் மாஸ்டர் அவர் முட்டியை அமுக்கிப் பார்த்தது. மடக்கியது, நீட்டியது. பிறகு பள்ளிக்கூடத் தமிழில் பேசியது.

"அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆனால் நேரம் பிடிக்கும். தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம். பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வீங்கியிருந்தால் அளவைக் குறைப்போம்."

"குறைச்சாச் சரி. நிறுத்த மாட்டீங்களே?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"நிறுத்தினால்தான் கெடும். குருத்தெலும்புக்குள் ரத்தம் ஓடுவதில்லை. அமுங்கி விரிந்தால்தான் அதற்குச் சாப்பாடு."

ஆடியில் தொடங்கினார்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான், அதுவும் ஆமை வேகத்தில். பிறகு ஒற்றைப் படியில் ஏறி, இறங்கும்போது மட்டும் எண்ணி எண்ணி இறங்குவது. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவது. ஊர்ப் பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. அவர் வலியில் பல்லைக் கடிப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் பயிற்சிக்குப் போகாமல் படுத்துக்கொண்ட நாளில் போர்வையை உருவியவளும் அவள்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் நாச்சிமுத்து மன்றத்துப் படிகளில் தடதடவென்று ஓடி இறங்கினார். இறங்கிய பிறகுதான் வலிக்கவில்லை என்பதே அவருக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே வந்த மன்றத் தலைவர் சென்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொறி சாமானியப்பட்டதல்ல, தங்கம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாரம் மூன்று நாளாவது நடையும் படியேற்றமும் தொடர வேண்டும், பொங்கல் வரை தன்னிடம் வந்து போக வேண்டும் என்று டிரில் மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தது. அது அந்தச் சந்தோஷத்தில் காதில் ஏறவில்லை.

நாச்சிமுத்து வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் தெய்வானை கொண்டுவந்த பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், ஒரு வாய் காப்பியும் காணாமல், நாள் கிழமைக்கு ஆகும் என்று கவிழ்ந்து கிடந்தன. பக்கத்திலேயே நாச்சிமுத்துவின் குடும்பச் சொத்து: பூமியிலிருந்து நாலு தலைமுறையாகக் கைமாறி வந்த தொலைக்காட்சி ரிமோட். கண்ணாடித்தாள் உறை பிரிக்கப்படவே இல்லை. எழுத்துகள் அழியாமல் பளிச்சென்று இருந்தன. தொலைக்காட்சி எந்தக் காலத்திலோ போய்விட்டது.

அன்று அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாச்சிமுத்துவுக்கு அந்த யோசனை உதித்தது. இவ்வளவு பாடுபட்டு நல்லபடியாக்கிய முட்டி. இதைப் போய்ச் சந்தைக்கும் குளியலறைக்கும் நடந்து தேய்ப்பதா? பொங்கலுக்கு வேண்டாமா?

தண்ணீர் ஆலையில் சுமை தூக்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் நடைச்சட்டகம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். இடுப்பிலிருந்து பாதம் வரை பூட்டிக்கொண்டால் அதுவே நடக்கும், அதுவே படியேறும். உள்ளே இருக்கிற கால் சும்மா தொங்கிக்கொண்டு போகலாம். காலையில் பூட்டினால் படுக்கும்போதுதான் கழற்றினார்.

"மாஸ்டர் வாரம் மூணு நாளாவது நடக்கச் சொன்னாருங்களே," என்றாள் தெய்வானை.

"நடந்துட்டுத்தான இருக்கறேன்?"

"நீங்க எங்க நடக்கறீங்க, அது நடக்குது."

"நல்ல முட்டி புள்ள. நாள் கிழமைக்கு ஆகும்."

தன் பீங்கான் கோப்பை நியாயத்தையே அவர் எடுத்து வீசியதும் அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மாஸ்டரிடம் போனால் நடக்க வைத்துத் தேய்த்துவிடுவார் என்று அந்தப் பக்கமே அவர் போகவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. முட்டியில் ஒரு பொட்டு வலி இல்லை.

பொங்கலன்று இரண்டு குவிமாடங்களும் திடலில் கூடியிருந்தன. நாச்சிமுத்து கோட்டுக்கு வெளியே சட்டகத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வலையோரம் வந்து நின்றார். நிற்கும்போதே தொடை லேசாக நடுங்கியது. ஆவேசத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். பையன் ஒருவன் பந்தை அழகாக, உயரமாக, அவருக்கென்றே தூக்கிக் கொடுத்தான். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் உந்தினார். கால் கிளம்பவில்லை. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே போக, அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பந்து அவர் தலைக்கு மேலே, செவ்வாயில் எல்லாம் விழுகிற மாதிரி சாவகாசமாக இறங்கி, பக்கத்தில் விழுந்து உருண்டது.

எழுந்திருக்க இரண்டு தரம் பார்த்தார், முடியவில்லை. கூட்டம் சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருவரும் சிரிக்காததுதான் அவரைக் கொன்றது. தெய்வானை வந்து புதுக்காலின் பலத்தில் அவரைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் கண்ணாடி அலமாரிக்கு எதிரே அவரை உட்கார வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்தாள். பிறகு பூப்போட்ட கோப்பை ஒன்றை எடுத்துக் கழுவி, அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிங்க," என்றாள். "ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது."

மறுநாள் சட்டகம் இல்லாமல், ஒரு தடியை ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து நாச்சிமுத்து மன்றத்துக்குப் போனார். அடுத்த பொங்கல் இருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மாஸ்டரிடம் திட்டு வாங்கவும் தயாராக இருந்தார்.

பின்னறைக்கு வெளியே கயிறு கட்டியிருந்தது. உள்ளே டிரில் மாஸ்டர் தலையிலிருந்து கால் வரை தடித்த கண்ணாடித்தாள் உறைக்குள் நின்றது. கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலை வேறு. பின்னாலேயே வந்த சென்னியப்பன் பெருமையாகச் சொன்னார்:

"நீங்க அன்னிக்கு அத்தனை தூரம் சொன்னப்புறந்தானுங்க இதோட அருமை எங்களுக்குத் தெரிஞ்சுது. ஊருக்கே ஒண்ணுதான். கண்டவங்களும் கையப் புடிச்சு இழுத்தாத் தேஞ்சுபோவுமில்லீங்களா? பூமியில இருந்து பெரிய ஆளுக வந்தா எடுத்துக்கலாம்னு அப்பவே மூடிட்டமுங்க."

உறைக்குள்ளிருந்து அடைத்த குரல் வந்தது. "வணக்கம். நீங்கள் மூன்று மாதமாக வரவில்லை. நானும் அசையவில்லை. என் மூட்டுகளில் எண்ணெய் உறைந்துவிட்டது."

நாச்சிமுத்து கயிற்றைத் தாண்டினார். சென்னியப்பன் தடுப்பதற்குள் உறையின் விளிம்பைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை கிழித்தார். அவர் பரம்பரையில் ஒருவர் பிரித்த முதல் உறை அது. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பொறியனின் இரும்பு முழங்காலை இரண்டு கையாலும் பற்றி மெதுவாக மடக்கினார். அது கிறீச்சிட்டது.

"வலிக்குதுங்களா?"

"பத்துக்கு ஏழு."

"அப்ப அளவக் குறைச்சுக்கலாம். நிறுத்தக் கூடாதுங்க," என்றார். மறுபடி நீட்டினார், மறுபடி மடக்கினார். இரும்புக் கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுத்தது. மத்தியானத்துக்குள் அது தானாக ஒரு அடி எடுத்து வைத்து, அவருக்குக் கை நீட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் எழுந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பாடத்தை இருவரும் எதிரெதிரே இருந்து தொடங்கினார்கள். சென்னியப்பன் உறையோடு நழுவிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நாச்சிமுத்து தரையில் கிடந்த உறையைப் பார்த்தார். தடித்த தாள். ஓரத்தில்தான் கிழிசல். குனிந்து எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

எதற்காவது ஆகும்.