தோட்டச் சுவரில் நான்கு பாயிண்டுகள்

காலை 7.20. வேலிச் செடியை ஒட்டிய சிமெண்ட் பாதையில் அந்த வீட்டுக்காரர் மல்லாந்து கிடந்தார். இரண்டடி தள்ளி, ஈரப் புல்லில், செடி வெட்டும் மெஷின். ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

9.05. டெஸ்டர் அக்காவை ஜீப்பில் அழைத்துவந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரீசியன். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கைது செய்வார்களோ என்ற பயம் வழியில் இருந்தது. தோட்டத்துச் சுவரைப் பார்த்ததும் போய்விட்டது. அது அவள் போட்ட வயரிங். அதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்த நாலு ப்ளக் பாயிண்டும் நீங்க போட்டதா?"

"ஆமா சார். ஆறு மாசமாச்சு."

"கரண்ட் கசிஞ்சா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கட் ஆயிடும்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"ஆகலையே. ஆள் போயிட்டார்."

அக்கா சமையலறைக் கதவை ஒட்டியிருந்த முதல் பாயிண்டின் முன் குந்தி உட்கார்ந்தாள். கசிவுக்குக் காவல் இருக்கும் வேலை முழுக்க அதனுடையது. மற்ற மூன்றுக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். நடுவில் இரண்டு பட்டன். மேலே உள்ளதை அமுக்கினால் கட் ஆகும். உடனே கீழே உள்ளது வெளியே துருத்தும். அதை உள்ளே தள்ளினால் மறுபடி கரண்ட் வரும். இப்போது இரண்டுமே சமமாக உள்ளே இருந்தன.

"கவரைக் கழட்டணும் சார். போர்டுல தோட்டத்து சுவிட்சை ஆஃப் பண்ணிடலாமா?"

"ஆஃப்லதான் இருக்கு. நாங்க வந்தப்பவே அப்படித்தான். எங்க ஆளுங்க யாரும் தொடல."

ஆனாலும் அவள் ஹாலுக்குப் போய் ஒருமுறை பார்த்தாள். சுவிட்ச் முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. திரும்பி வந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கவரைக் கழற்றினாள்.

உள்ளே பார்த்ததும் 'ச்' கொட்டினாள். கரண்ட் வரும் பக்கம் 'லைன்', அடுத்த பாயிண்டுகளுக்குப் போகும் பக்கம் 'லோடு'. லோடு திருகுகள் காலி. போகிற வயர்களும் வருகிற வயர்களோடு லைன் திருகுகளிலேயே முறுக்கப்பட்டிருந்தன.

"இப்படி இருந்தா மத்த மூணுக்கும் கரண்ட் போகும், காவல் போகாது. ஆனா இது என் கை வேலை இல்ல."

"எல்லாரும் சொல்றதுதான்."

"ரெண்டு வாரம் முன்னாடி என்னைக் கூப்பிட்டப்பவும் இதே மெஷின், இப்ப மாட்டியிருக்கிற இதே கடைசி பாயிண்ட். கட் ஆச்சா இல்லையான்னு அம்மாவைக் கேளுங்க."

படியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த வீட்டம்மா நிமிர்ந்தார்.

"ஆச்சு. மெஷின் வயர் உரிஞ்சிருந்தது. தூக்கிப் போடுங்கன்னு இந்தம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. அவர் கேக்கல. 'பாயிண்ட் பாத்துக்கும்'னாரு."

அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய தம்பி தொண்டையைச் செருமினான். நாற்பது வயது. பின்கட்டு ஷெட்டில் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். ஷெட் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவன் சாமான்களெல்லாம் வெளியே அடுக்கிக் கிடந்தன.

"அடிக்கடி கட் ஆகுதுன்னு அத்தான் திட்டிக்கிட்டே இருந்தாரு சார். அவரே மாத்தியிருப்பாரு."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "இருக்கலாம். அப்ப இது விபத்து."

அக்காவின் தலைக்கு வந்தது விலகிவிட்டது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவள் கிளம்பவில்லை. போர்டில் இறங்கியிருந்த அந்த சுவிட்ச் மனதை உறுத்தியது.

9.40.

"உங்க அத்தானை யார் காப்பாத்தப் போனது?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"நான்தான். சத்தம் கேட்டு ஷெட் பக்கத்துலேர்ந்து ஓடிவந்தேன். இந்த பட்டனை அமுக்கினேன். கரண்ட் நின்னுது. ரெண்டு கையாலயும் இழுத்துப் பாதையில போட்டேன்."

"செருப்பு?"

"போடல. அவசரத்துல யாரு பாப்பா?"

"ஹாலுக்குப் போனீங்களா?"

"எதுக்கு? பட்டன் இங்கயே இருக்கே."

"அம்மா, நீங்க?"

"நான் குளிச்சிட்டிருந்தேன். தம்பி கூப்பிட்டதும்தான் வந்தேன். எதையும் தொடலம்மா."

அக்கா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள்.

"சார், வயர் இப்படி இருக்கும்போது இந்த பட்டனை நூறு தடவை அமுக்கினாலும் கடைசி பாயிண்ட்ல கரண்ட் நிக்காது. வெறுங்காலோட ஈரப் புல்லுல அவரைத் தொட்டிருந்தா ரெண்டு பொணம் விழுந்திருக்கும். இவர் நிக்கிறாரு."

"அப்ப சுவிட்சை இறக்கினது?"

"கரண்ட் எகிறித் தானா விழுந்தா இந்த சுவிட்ச் நடுவுலதான் நிக்கும். இது கையால இறக்கினது. வீட்டுல இருந்தது மூணு பேர். ஒருத்தர் கீழ கிடந்தாரு, ஒருத்தர் குளியலறையில."

தம்பி குறுக்கிட்டான். "ஆமா, ஞாபகம் வருது. பட்டனை அமுக்கினேன், நிக்கல. அப்புறம்தான் ஹாலுக்கு ஓடினேன்."

"அமுக்கியிருந்தா கீழ்ப் பட்டன் வெளிய துருத்திக்கிட்டு இருக்கணும். கரண்ட் இல்லாதப்ப அதைத் திரும்ப உள்ள தள்ளினா நிக்காது. சுவிட்சை இறக்கினதுலேர்ந்து இங்க கரண்டே இல்ல. நான் வந்தப்ப ரெண்டு பட்டனும் உள்ள இருந்துச்சு. சார், நீங்களும் பாத்தீங்க."

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையசைத்தார்.

"கையெட்டுற தூரத்துல பட்டன். அதைத் தாண்டி ஹால் வரைக்கும் ஓடணும்னா, இது வேலை செய்யாதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். மாத்தினவருக்கு மட்டும்தான் அது தெரியும். மெஷினைத் தொடவே வேணாம், வயர் ஏற்கெனவே உரிஞ்சது. காவலை எடுத்துட்டா போதும். இந்த ஆளுதான் சார்."

"உங்க அத்தான் ஷெட்டைக் காலி பண்ணச் சொன்னது நேத்துதானே?" இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தபடி கேட்டார்.

தம்பி ஓரடி பின்வாங்கினான். கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்தார்.

வீட்டம்மா எழுந்து தம்பிக்கு நேராக வந்து நின்றார். அழவில்லை.

"அவர் கத்தினது பாத்ரூம்ல எனக்கே லேசா கேட்டுதுடா. உன்னைத்தான் திட்டுறாருன்னு நெனச்சு தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தேன். நீ கூப்பிட ரொம்ப நேரம் ஆச்சு." அவன் சட்டையைப் பிடித்தார். "அவ்வளவு நேரம் எங்க நின்னே?"

தம்பி குனிந்தபடியே கையை உயர்த்தினான். விரல் காட்டிய இடம் ஹாலின் ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் வேலிச் செடி முழுசாகத் தெரியும்.