அணைந்த சிவப்பு விளக்கு

காலை 11.20. கீழச்சிவல்பட்டியில் விடுதியாக மாறிவிட்ட பழைய வீடொன்றின் மாடியறை.

டிவி மெக்கானிக் அல்லாபிச்சை, துடைத்த ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு இறந்து கிடந்தார். மேசைமேல் பின்மூடி கழற்றிய பழைய டிவி. அதன் ஒயர் பிளக் இல்லாமல் நேராகச் சுவருக்குள் போயிற்று. திறந்த பையில் ஸ்க்ரூடிரைவர், பற்றவைக்கும் கோல், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருள்.

சப்-இன்ஸ்பெக்டர் சந்திரலேகா குனிந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

“என்ன நடந்தது?”

விடுதிக்காரர் அருள்பாண்டி தயாராக இருந்தார். “ரிமோட்ல மட்டும் அணைச்சிட்டு மூடியக் கழட்டிட்டாரு மேடம். சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்டாண்ட்பைல கரண்டு இருக்கும்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சத்தங்கேட்டு ஓடியாந்து நாந்தான் இந்த சுவிட்ச அணைச்சேன். பெறகு கீழ போயி மெயின இறக்குனேன்.”

அழகுக்காகப் போட்ட பளபளப்பான கறுப்பு சுவிட்ச் பலகை. சுவிட்சும் கறுப்பு.

வாசலில் நின்ற பெண் பேசினாள். அல்லாபிச்சையின் மகள் சுமையா. செக்காலையில் இருக்கும் அவருடைய டிவி ரிப்பேர் கடையில் அவரோடு உட்கார்ந்து வேலை பார்ப்பவள்.

“முப்பது வருசமா டிவி ரிப்பேர் பாத்த மனுசன், ரிமோட்ட நம்பியா கைய விடுவாரு?”

“வயசாச்சுல்லம்மா. மறதிதான்.”

மறதி. நாளைக்குள் அந்தச் சொல் ஊரெல்லாம் போய்விடும். பிறகு அந்தக் கடைப் படியை யார் மிதிப்பார்கள்? செத்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்ற தைரியம் அருள்பாண்டியின் முகத்தில் இருந்தது.  சந்திரலேகா வாசல் பக்கம் திரும்பினாள்.

“சுமையா, உங்க அத்தா வேலைய எப்படித் தொடங்குவாரு?”

“சுவிட்ச அணைப்பாரு. வேற யாரும் போட்டுறக்கூடாதுன்னு அதுமேல டேப் ஒட்டுவாரு. அப்புறந்தான் மூடியத் தொடுவாரு.”

சந்திரலேகா உறை மாட்டிய விரலால் பலகையைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் தட்டியது. டார்ச் அடித்தாள். கறுப்பின்மேல் கறுப்பாக, அணைந்த சுவிட்சைக் குறுக்கே அழுத்திக்கொண்டு ஒரு துண்டு டேப்.

“நீங்க அணைச்சீகன்னா, டேப்ப ஒட்டுனது யாரு? விழுந்தவரு எந்திரிச்சு ஒட்டுனாரா?”

அருள்பாண்டி பலகையை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

பகல் 12.50. எலெக்ட்ரீஷியன் பாண்டிமுருகன் வந்து மெயினை ஏற்றினார். டேப் அப்படியே இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. டிவிக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

“கரண்டு வர்ற ஃபேஸ் ஒயர்ல போடவேண்டிய சுவிட்ச, அது திரும்பிப் போற நியூட்ரல் ஒயர்ல போட்டிருக்காக மேடம். அணைச்சா லைட்டு அணையும், டிவி நிக்கும். கரண்டு மட்டும் உள்ள நிக்கும். பிளக்காவது இருந்தா உருவியிருக்கலாம்.”

“பிளக் எங்க?”

“தங்க வர்றவுக உருவிட்டு போன் சார்ஜ் போடுறாக, அதான் நேரா சுவத்துக்குள்ள...” என்று இழுத்தார் அருள்பாண்டி.

அறை துடைக்கும் முத்தழகு முன்னால் வந்தாள். “போன மாசமே சொன்னேன்ல சார், சுவிட்ச அணைச்சிட்டுத் தொடைக்கையிலயும் கரண்டு வெட்டுதுன்னு. ‘காஞ்ச துணியில தொடை’ன்னீக.”

“தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே அவர்கிட்டச் சொல்லல,” என்றாள் சந்திரலேகா. “உசிர எடுத்தது உங்க அலட்சியம் அருள்பாண்டி. பேரையும் எடுக்கப் பாத்தீக. ஜீப்புல ஏறுங்க.”

சுமையா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெஸ்டர் வச்சுப் பாத்திருக்கணும் மேடம். அது அத்தா தப்புதான். அந்த லைட்டு அணைஞ்சத நம்பிட்டாரு.” அந்த டேப்பைச் சுட்டிக் காட்டினாள்: “ஆனா மறக்கல.”

சந்திரலேகா அறிக்கைத் தாளை எடுத்தாள். முதல் வரியாக அதைத்தான் எழுதினாள்: இறந்தவர் சுவிட்சை அணைத்திருந்தார்.