மிக்கேலின் ஸ்கேன் டிஸ்க்

"இத எப்படியாச்சும் தொறந்து குடுத்துடுங்க. இல்லாட்டி வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் நெஞ்சக் கிழிச்சுடுவாங்க" என்றார் சாந்தி மேரி டீச்சர்.

இதைக் கேட்டதும் செல்லப்பனுக்கு ஜெராக்ஸ் மெஷினில் வைத்த தாள் கோணிக்கொண்டு போனது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையில் பாதி அவருடையது. இருபது வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், இடுப்பு மக்கர் பண்ணியதும் லாரியை விற்றுவிட்டு ஒரு ஜெராக்ஸ் மெஷினோடு சித்தப்பா மகள் வெற்றிச்செல்வியின் கம்ப்யூட்டர் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். ரிப்பேர் அவள் வேலை. சந்தேகப்படுவது அவர் வேலை. எந்த மெஷின் வந்தாலும் பத்து நிமிஷத்தில் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தது சரியான ஆளா என்பதில் மட்டும் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை.

வெற்றிச்செல்வி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "உக்காருங்க டீச்சர். மொதல்லேருந்து சொல்லுங்க."

டீச்சர் வரதராஜன்பேட்டைக்காரர். கணவர் மிக்கேலுக்கு முந்திரித் தோப்பு. போன மாதம் இருமல் நிற்காமல் ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் பட்டாணி அளவு ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. திருச்சி டாக்டர், நெஞ்சைத் திறந்து அதை எடுத்துவிடலாம் என்று மிக்கேலை ஆஸ்பத்திரியில் சேர்த்து நாள் குறித்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மிக்கேல் வண்டியிலிருந்து விழுந்து நெஞ்சில் அடிபட்டபோதும் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தது அப்புறம்தான் டீச்சருக்கு நினைவு வந்தது. அதைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"அதே புள்ளி அப்பவே அதே அளவுல இருந்திருந்தா ஒண்ணும் பயமில்ல, ஆபரேஷனே வேணாம்னாரு. நாளைக்குள்ள கொண்டாங்கன்னாரு. அந்த ஸ்கேன் சென்டர மூடி நாலு வருஷமாச்சு. இருக்குறது இந்த ஒரு சி.டி. டிஸ்க்தான். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல டிஸ்க் போடவே எடமில்ல. ஜெயங்கொண்டம் பாத்தாச்சு, பெரம்பலூர் பாத்தாச்சு. டிரைவையெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டுட்டோம்ங்கிறாங்க."

"நம்ம கடையில இருக்கு!" என்று செல்லப்பன் மேஜையைத் தட்டினார். இந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே டிஸ்க் டிரைவ் அதுதான் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. ஆயுத பூஜை முடிந்து எட்டு நாளாகியும் கடையில் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. டிரைவின் தட்டு வெளியே வந்தபோது அதன் மேல்பக்கத்து ஓரத்திலும் ஒரு பொட்டு காய்ந்து கிடந்தது. வெற்றிச்செல்வி அதை ஒரு கணம் பார்த்துவிட்டு டிஸ்க்கை வைத்து மூடினாள்.

உள்ளே விர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. திரையில், டிஸ்க்கே போடவில்லை என்று வந்தது.

டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"டிஸ்க்கு செத்துருச்சு. ஆறு வருஷம் பீரோ சூட்டுல கெடந்திருக்குல்ல? இல்லன்னா அந்த சென்டர்காரன் அன்னிக்கே வெறும் டிஸ்க்கக் குடுத்து ஏமாத்திருக்கான். மூடிட்டு ஓடினவன்தானே!" என்று செல்லப்பன் ஒரே மூச்சில் இரண்டு பேரைக் குற்றவாளியாக்கினார்.

"இருங்கண்ணே. ஏலாக்குறிச்சி சாம் கல்யாண வீடியோ டிஸ்க்க இன்னும் வாங்கிட்டுப் போகலல்ல, அத எடுங்க. இதே டிரைவ்ல நான் எழுதி, ஓட்டியும் பாத்தது."

அதைப் போட்டார்கள். அதுவும் திறக்கவில்லை.

"அப்ப டிரைவுதான் செத்துருச்சு" என்று செல்லப்பன் தயங்காமல் கட்சி மாறினார்.

வெற்றிச்செல்வி அலமாரியிலிருந்து ஒரு பிரிண்டர் டப்பாவை எடுத்தாள். கம்பெனிக்காரர்கள் அதோடு கொடுத்த டிஸ்க்கைப் போட்டாள். மூன்றே விநாடியில் திரையில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. செல்லப்பனுக்குக் குற்றம் சாட்ட ஆளில்லாமல் போயிற்று.

"டீச்சர், உங்க டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் எனக்குத் தோணுது" என்றாள் வெற்றிச்செல்வி. மூன்று டிஸ்க்குகளையும் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "கம்பெனி டிஸ்க் ஓடுது. அப்ப மோட்டார், வயர், கம்ப்யூட்டர், எதுலயும் கோளாறில்ல. ஓடாத ரெண்டும் வெறும் டிஸ்க்க வாங்கி நானும் சென்டர்காரங்களும் எழுதினது. அடிப்பக்கத்தப் பாருங்க. கம்பெனி டிஸ்க்க அச்சுல அடிக்கிறாங்க, கண்ணாடி மாதிரி பளபளங்குது. நாம எழுதுறதுல சாயம் பூசியிருக்கு, பச்சையும் நீலமுமா மங்கித் தெரியுது பாருங்க. டிரைவுக்குள்ள ஒரு சின்ன லென்ஸ் இருக்கு, அதான் அதுக்குக் கண்ணு. நல்ல கண்ணுன்னா ரெண்டையும் படிக்கும். கண்ணு மேல ஏதாவது படிஞ்சிருந்தா பளபளப்ப மட்டும் படிக்கும், மங்கலா இருக்குறத விட்டுடும்."

"என்ன படிஞ்சிருக்கு?" என்றார் டீச்சர்.

"சாம் டிஸ்க் பூஜைக்கு முந்தின நாள் நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் டிரைவத் தொறக்குறோம்."

"நடுவுல யாரும் தொடலியே!" என்றார் செல்லப்பன்.

"தொட்டிருக்காங்கண்ணே. பொட்டப் பாருங்க. தட்டு மூடியிருந்தா முன்பக்கத்துலதான் வைக்க முடியும். இது மேல்பக்கத்துல இருக்கு. தட்ட வெளிய இழுத்துவெச்சுத்தான் பூஜை நடந்திருக்கு. மோந்து பாருங்க, இன்னும் வாசம் போகல. அன்னிக்கு நான் செந்துறையில மாமியார் வூட்டுல இருந்தேன். கடையில பூஜை போட்டது யாரு?"

செல்லப்பன் மோந்து பார்த்தார். சாம்பிராணி.

அவர் முகம் தொங்கிப்போனது. "லாரிக்குப் பானட்டத் தூக்கிவெச்சுதான் சாம்பிராணி காட்டுவோம். மூடி வெச்சிக் காட்டினா தகரத்துக்குத்தான் போவும், இன்ஜினுக்குப் போவாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. இதுக்கு எது பானட்டுன்னு தெரியல செல்வி. அதத் தொறந்து..."

"கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"சாமி முன்னால லைட்டு எரியட்டுமேன்னு போட்டு வுட்டேன்."

"அதான். உள்ள இருக்குற ஃபேன் அத்தனை புகையையும் இழுத்துக்கிச்சு."

இத்தனை நாளாகக் குற்றவாளிகளைப் பிடித்துக்கொண்டிருந்த செல்லப்பன் இன்று தானே அகப்பட்டுக்கொண்டார். "டீச்சரம்மா, என்னாலதான்..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. சரி பண்ண முடியுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வெற்றிச்செல்வி டிரைவைக் கழற்றிப் பிரித்தாள். லென்ஸ் துவரம்பருப்பு அளவுதான் இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, குழந்தைக்குக் கண் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. இரண்டாவது பஞ்சும் அப்படியே. மூன்றாவது வெள்ளையாக வந்ததும் எல்லாவற்றையும் மாட்டினாள்.

முதலில் சாம் கல்யாணம் ஓடியது. மாப்பிள்ளை திரையில் அசடு வழிந்தார். அப்புறம் ஸ்கேன் டிஸ்க். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. செல்லப்பன் பெருமாளையும், டீச்சருக்காக மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொண்டார். சாம்பல் நிறப் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஓரத்தில் மிக்கேலின் பெயரும், ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன.

"புள்ளி இருக்கா?" டீச்சர் திரைக்கருகே குனிந்தார்.

"அத டாக்டர்தான் பாக்கணும் டீச்சர். தெரியாம நான் ஒண்ணு சொல்லக்கூடாது." அவள் எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றி, இரண்டையும் ஸ்கேன் மென்பொருளில் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். செல்லப்பன் டீச்சரைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றார்.

மறுநாள் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆதார் அட்டையின் ஒரே பக்கத்தை இரண்டு தரம் ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்துத் திட்டு வாங்கினார். மத்தியானம் மூன்று மணிக்கு வெற்றிச்செல்வியின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

டீச்சர்தான். அழுகையில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. செல்லப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதற்குள் போனை யாரோ வாங்கினார்கள்.

"நான் மிக்கேல் பேசுறேங்க. அவ சந்தோஷத்துல அழுவுறா, பயந்துடாதீங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு டாக்டர். அதே புள்ளி, அதே அளவு. ஒரு மில்லிமீட்டர் கூட வளரலியாம். கத்தியே வேணாம், அடுத்த வருஷம் ஒருதரம் வந்து காட்டுங்க போதும்னுட்டாரு."

செல்லப்பன் வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனருகில் குனிந்தார்.

"இப்ப எங்கங்க இருக்கீங்க?"

"திருச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல்லங்க. ஆபரேஷனுக்குன்னு ரெண்டு நாளா கஞ்சிதான். மூணாவது தோசை சொல்லியிருக்கேன்" என்றார் மிக்கேல்.